ஏழு மணிக்கு எடுத்த குழாய்கள்

புது மெஷின் வந்த பதினைந்தாவது நாள் அதன் மேல் குற்றம் சாட்டப்பட்டது.

சாட்டியவர் ஆய்வுக்கூடத்தின் தலைவர். ஆதாரம், அவர் கையில் இருந்த இரண்டு தாள்கள். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இருபது வருஷமா ஓடுற அடுப்பு ஒண்ணு சொல்லுது. நேத்து வந்த மெஷின் வேற ஒண்ணு சொல்லுது. நான் யார் பேச்சைக் கேக்குறது?”

“நேத்து வந்த மருமக பேச்சைக் கேட்டு மாமியாரை வெளிய தள்ள முடியுமா சார்?” என்றார் மில்லிகிராம். எடை போடும் மேசையிலேயே தலை நரைத்தவர் அவர். உப்புக் கல்லில் பாதியை வைத்தாலும் எவ்வளவு என்று சொல்லிவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று தலைவர் மூன்றாவது ஆளிடம் திரும்பினார்.

மூன்றாவது ஆள், அமில வேலை பார்க்கும் ஆசிட்டக்கா.  தாளைப் பார்த்தாள். எண்கள் இருந்தன. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நான்கு மாதமாக அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்தாள். பஸ்ஸைப் பார்த்தாள், ஏறினாள். சாப்பாட்டைப் பார்த்தாள், சாப்பிட்டாள். புருஷன் போன வீட்டில் அழாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து உறவுக்காரர்கள் முதலில் “தைரியசாலி” என்றார்கள். ஒரு வாரம் கழித்து “கல்லு” என்றார்கள். அதையும் அவள் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாள்.

அங்கே நடக்கும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பொருள் எதுவானாலும் அதன் புரதத்தை எடுத்து, எந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல வேண்டும். புரதம் என்பது கோத்த மணிமாலை மாதிரி. மணிகளை எண்ண வேண்டுமானால் மாலையை முதலில் அறுத்தாக வேண்டும். அறுக்கிற கத்தி, கடுமையான அமிலம். மாதிரியில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, அமிலம் ஊற்றி, உள்ளே நிற்கும் காற்றை நைட்ரஜனால் ஊதி விரட்டி, வாயை இறுக மூடி, நூற்றுப்பத்து டிகிரி அடுப்பில் இருபத்துநான்கு மணி நேரம் வைக்க வேண்டும். புது மெஷினும் அதே அமிலத்தைத்தான் கேட்கிறது. ஆனால் அது மைக்ரோவேவ் சூடு. நூற்றைம்பதுக்கு மேலே ஏற்றி, இருபது நிமிடத்தில் மாலையை உதிர்த்துவிடும். ஒரு நாள் வேலையை ஒரு காப்பி குடிக்கிற நேரத்தில் முடிக்கிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

தலைவருக்குக் கசந்தது. ஒரே மாதிரியை அடுப்பிலும் மெஷினிலும் போட்டுப் பார்த்ததில் எல்லா எண்ணும் அச்சடித்தாற்போல் ஒன்றாக வந்தன, மூன்றைத் தவிர. வேலின், ஐசோலூசின் என்ற இரண்டும் மெஷினில் நூற்றுக்கு நான்கு பங்கு அதிகம். செரின் என்ற மூன்றாவது மயிரிழை குறைவு. அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

“கணக்குல இடிக்குது. அடுப்பு முறைதான் செல்லும். அதுக்குத்தான் நம்ம கையெழுத்து” என்று தலைவர் முடித்துவிட்டார்.

அன்று திங்கட்கிழமை. ஒன்பதரைக்குப் பொடியம்மா வந்தாள்.

நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கரைத்துக் கொடுக்கும் புரதப் பொடியைச் செய்கிறவள். சின்னத் தொழிற்சாலை, பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு முறை பொடி தயாரானதும் அந்தத் தொகுதியிலிருந்து மாதிரி இங்கே வரும். தேறினால்தான் ஆஸ்பத்திரி வாங்கும். பல வருடமாகத் தேறிக்கொண்டிருந்த பொடி, கடைசி மூன்று தொகுதிகளில் தேறவில்லை. வேலினும் ஐசோலூசினும் போதவில்லை என்று அறிக்கை போனது. மூன்றிலும் ஆசிட்டக்காவின் கையெழுத்து.

பொடியம்மா நாலாவது தொகுதியின் டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டு, அதிலிருந்து கையை எடுக்காமலே பேசினாள்.

“வியாழக்கிழமை நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில கமிட்டி கூடுது. மூணு தடவை தேறாதவளை இன்னும் வெச்சுக்கலாமா, தூக்கிடலாமான்னு அன்னிக்கு முடிவு. இதுவும் போச்சுன்னா பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“பாக்குறேம்மா.”

“பாருங்க. நல்லா பாருங்க. சரக்கு வாங்குறது என் தம்பி. மட்டமானதைக் கலந்துட்டான்னு சொல்லி, கூடப் பொறந்தவன்னும் பாக்காம வெளிய போடான்னுட்டேன். அவன் சத்தியம் பண்ணான். கேக்கல நான். இந்தத் தடவை நானே போய் வாங்கி, நானே நின்னு கலந்திருக்கேன். ராத்திரி பகலா பக்கத்துலயே நின்னேன்.” டப்பாவிலிருந்து கையை எடுத்தாள். “இது தேறினா அவன்தான் திருடன். தேறலைன்னா என்ன அர்த்தம்னே எனக்குத் தெரியல.”

“பாக்குறேம்மா” என்று ஆசிட்டக்கா மறுபடி சொன்னாள். குரலில் எதுவும் இல்லை. பொடியம்மா அவள் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மில்லிகிராம் எடை போட்டார். ஆசிட்டக்கா அமிலம் ஊற்றினாள், நைட்ரஜன் ஊதினாள், மூடினாள். சரியாகப் பதினொரு மணிக்குக் குழாய்களை அடுப்பில் வைத்தாள். அடுப்பு நோட்டில் எழுதினாள். உள்ளே: 11.00. வெளியே: 11.00. நாளைக்கு எழுத வேண்டியதையும் இன்றைக்கே சேர்த்து எழுதிவிடுவது அந்த ஆய்வுக்கூடத்து வழக்கம். இருபத்துநான்கு மணி நேரம் என்பது மாறப்போவதில்லை. பிறகெதற்கு இரண்டு தடவை பேனாவைத் திறப்பது? அதே மாதிரியில் இன்னொரு சிட்டிகை மைக்ரோவேவுக்கும் போனது.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு ஆசிட்டக்கா வந்தாள். காவலாளி கதவைத் திறந்துவிட்டு மறுபடி தூங்கப் போனார். அவள் விளக்கைப் போட்டாள். கோட்டை மாட்டினாள். அடுப்பைத் திறந்து குழாய்களை எடுத்து ஆறவைத்தாள். கழுவ வேண்டியதைக் கழுவினாள். மணி எட்டாயிற்று.

மத்தியானம் இரண்டு தாளும் வந்தன. அடுப்புத் தாளில் பொடி தேறவில்லை. மைக்ரோவேவ் தாளில் தேறியிருந்தது.

“பாத்தீங்களா? இதே தகராறுதான்” என்றார் தலைவர். “மெஷின் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து தூக்கிட்டுப் போகட்டும். அந்தம்மாவுக்கு நாளைக்கு அடுப்பு ரிப்போர்ட்டை அனுப்பிடலாம்.”

“பாவம் சார், மருமக. தாலி கட்டி ஒரு மாசம்கூட ஆகல” என்றார் மில்லிகிராம்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

*

வீட்டில் இப்போது இரண்டு பேர். ஆசிட்டக்காவும் அவள் நாத்தனாரும். நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அண்ணன் போனதும் தனியாக இருந்த தன் அறையைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெட்டியும் ஒரு ஃபேனுமாக அண்ணியிடம் வந்து சேர்ந்துவிட்டாள். நாளெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும். அந்தக் கட்டைக் குரலிலேயே வீடு நிறையப் பேசுவாள். அண்ணி பேசாததற்கும் சேர்த்து.

“இன்னிக்கு ஒரு பொம்பளை, அண்ணி. வண்டியை எடுக்கச் சொன்னா முதல்ல கண்ணாடியில பொட்டைச் சரி பண்ணுது. அப்புறம் ரிவர்ஸ் போட்டு நேரா எங்க டிரைவிங் ஸ்கூல் போர்டு மேலயே ஏத்துது. போர்டுல ‘பாதுகாப்பே முதல்’னு எழுதியிருக்கு.”

“ம்.”

“சிரிங்க அண்ணி, காசா பணமா? சரி, இன்னொண்ணு கேளுங்க. எங்க வருகை நோட்டை இன்னிக்கு ஓனர் எடுத்துப் பாத்தார். ஒருத்தன் திங்கட்கிழமையே வாரம் பூரா கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கான். வியாழக்கிழமை கூட வந்துட்டான்! இன்னும் வியாழக்கிழமையே வரல. கேட்டா, ‘எப்படியும் வரப்போறேன்ல சார், ஒரே வேலையா முடிஞ்சுதுல்ல’ங்குறான்.”

தட்டைக் கழுவிக்கொண்டிருந்த ஆசிட்டக்காவின் கை நின்றது.

நாத்தனார் அதைக் கவனிக்கவில்லை. வேறு குறைக்குத் தாவிவிட்டாள். “ஆமா, நீங்க ஏன் விடிஞ்சதும் விடியாததுமா ஓடுறீங்க? அண்ணன் இருந்தப்ப பத்து மணிக்குத்தானே கொண்டு விடுவார்? இப்ப நான் எழுந்து வர்றதுக்குள்ள செருப்பைக் காணோம். அந்நேரத்துக்கு அங்க போய் என்னதான் பண்ணுவீங்க?”

“குழாயை எடுப்பேன்.”

“எந்தக் குழாயை?”

“அடுப்புல வெச்ச குழாயை. முந்தின நாள் பதினொரு மணிக்கு வெச்சது.”

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். தண்ணீர் தட்டின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் எட்டி அதை அடைத்தாள்.

“என்ன அண்ணி?”

“ஒண்ணுமில்ல. பதினொண்ணுல இருந்து ஏழு. எத்தனை மணி நேரம்?”

நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள். “இருபது.”

புருஷன் இருந்தபோது அவள் பத்து மணிக்கு வருவாள். அவர் வாசலில் இறக்கிவிட்டு இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போவார். புது மாதிரிகளைத் தயார் செய்ய ஒரு மணி நேரம். பதினொரு மணிக்கு அடுப்பைத் திறந்து, பழையதை எடுக்கிற கையோடு புதியதை வைப்பாள். அடுப்பு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் திறக்கும். அவர் போன பிறகு அவள் ஏழு மணிக்கு வந்தாள். வந்ததும் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. அடுப்பில் குழாய்கள் இருந்தன. எடுத்தாள். புது மாதிரிகள் ஒன்பதரைக்குத்தான் வரும் என்பதால் வைப்பது மட்டும் பழையபடி பதினொரு மணிக்கே நடந்தது. நோட்டு வழக்கம்போல் இருபத்துநான்கு என்று சொன்னது. முதல் நாள் என்ன நினைத்து எடுத்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்த மாதிரி எதுவும் ஞாபகத்தில் இல்லை.

மணிமாலையில் எல்லா முடிச்சும் ஒன்றுபோல் அறுவதில்லை. வேலினும் ஐசோலூசினும் பிடிவாதக்காரர்கள். கடைசி மணி நேரம் வரை பக்கத்து மணியை விடமாட்டார்கள். செரின் நேர்மாறு, உதிர்ந்த பிறகும் அடுப்பில் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி அழியும். நேரம் குறைந்தால் முன்னவை இரண்டும் குறைவாகத் தெரியும், பின்னது அதிகமாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே அவளுக்குத் தெரிந்த விஷயம் அது. தலைவர் நீட்டிய தாளில் அது கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தாள்.

“உடம்பு சரியில்லையா?” என்றாள் நாத்தனார்.

“நல்லாத்தான் இருக்கேன்” என்றாள். அது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

*

புதன்கிழமை அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நிச்சயம் தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அறிக்கையை வியாழக்கிழமை அனுப்பலாம் என்று மட்டும் தலைவரிடம் கேட்டு வாங்கினாள். நாலாவது தொகுதிப் பொடியில் மறுபடி ஒரு சிட்டிகை எடுத்துப் பதினொரு மணிக்கு அடுப்பில் வைத்தாள். நோட்டில் உள்ளே என்ற இடத்தில் மட்டும் எழுதினாள். மற்றக் கட்டத்தைக் காலியாக விட்டாள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு வந்தாள். தாமதமாக வந்திருக்கலாம், ஆனால் வீட்டில் இருக்க முடியாது. விளக்கைப் போட்டு, கோட்டை மாட்டி, அடுப்புக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குழாய்கள் நின்றன. எடுக்கக் கூடாது.

கழுவ ஒன்றும் மிச்சமில்லை. முந்தின நாளே கழுவி வைத்திருந்தாள்.

ஏழு பத்து. ஏழு பதினைந்து. கைகளை மடியில் வைத்தாள். எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்தாள்.

ஏழு இருபதுக்குத்தான் அது நடந்தது. நான்கு மாதத்துக்கு முன், ஒரு புதன்கிழமை. அவர் குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டே, “இன்னிக்கு ஞாபகமா பெட்ரோல் போடணும்” என்றார். பிறகு ஏதோ விழுந்த சத்தம். வாளி என்று நினைத்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. “தண்ணியை மூடுங்க” என்று சமையலறையிலிருந்து ஒரு தடவை கத்தினாள். அப்புறம் போனாள். அவர் சுவரோரம் சாய்ந்து கிடந்தார். அவள் முதலில் தண்ணீரை அடைத்தாள். அதன் பிறகுதான் அவரைத் தொட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட.

அன்றிலிருந்து ஏழு இருபதுக்கு அவள் கையில் எப்போதும் ஒரு சூடான குழாய் இருந்தது. இன்று இல்லை. கடிகாரம் இருபதைத் தொட்டது, தாண்டியது, இருபத்தொன்றுக்குப் போனது. அவ்வளவுதான். அழுகை வரும் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தாள். வரவில்லை. முக்காலியின் விளிம்பு தொடையில் வலித்தது. அது ஒன்றுதான் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு வந்த மில்லிகிராம் அவளைப் பார்த்து நின்றார். “என்னக்கா, அடுப்புக்குக் காவலா? யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்களா?”

“பதினொரு மணிக்கு எடுக்கணும்.”

“தினமும் அப்பதானே எடுக்குறீங்க?”

 மில்லிகிராம் தன் தராசிடம் போய் உட்கார்ந்தார். ஒன்றையும் எடை போடாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணிக்கு எடுத்தாள். ஆறவைத்து, உலர்த்தி, எண்ணும் கருவியில் ஏற்றினாள். ஒரு மணிக்குத் தாள் வந்தது. மைக்ரோவேவ் தாளை அதன் பக்கத்தில் வைத்தாள். வேலின் இரண்டிலும் ஒன்றே. ஐசோலூசின் ஒன்று. செரின்கூட ஒன்று.

பொடி தேறியிருந்தது. மெஷினின் மேல் தப்பில்லை. தப்பு எங்கே என்று அறிந்தவள் அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான். இரண்டு தாளையும் மடிக்காமல் எடுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனாள்.

*

“நாலு மாசமா?” தலைவர் எழுந்து நின்றுவிட்டார்.

“ஆமா சார். பதினொண்ணுக்கு வெச்சு ஏழு மணிக்கு எடுத்தேன். நோட்டுல எழுதியிருக்கறது பொய்.”

“எத்தனை ரிப்போர்ட் போயிருக்கு?”

“எழுபத்தெட்டு.”

“அளவு முன்னாடியே தெரிஞ்ச தினசரி சோதனை மாதிரியும் கொஞ்சம் இறங்கியே இருந்துச்சேம்மா! அதைப் பாத்து, கருவியில பாகம் தேஞ்சுபோச்சுன்னு நான் புதுசு வாங்கிப் போட்டேனே! உங்க கிட்டத்தானே கேட்டேன்? நீங்கதானே தலையாட்டினீங்க?”

“ஆட்டினேன் சார்.”

“ஏம்மா? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் உங்களுக்கு. புதுசா வந்த பிள்ளை செய்யாத தப்பு. ஏன்?”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “மணி ஒண்ணேகால் சார். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில கமிட்டி. நாலாவது தொகுதி தேறிடுச்சு. ஆனா அவங்க ஃபைல்ல மூணு கெட்ட ரிப்போர்ட் இருக்கு. அந்த மூணு மாதிரியும் நம்ம அலமாரியில பத்திரமா இருக்கு. அடுப்புல வெச்சா நாளைக்குத்தான் தெரியும்.”

தலைவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். இரண்டு தாளையும் மறுபடி பார்த்தார். இந்தத் தடவை மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

“மெஷின்ல போடுங்க” என்றார். “அடுப்பும் மெஷினும் ஒண்ணுதான்னு ஒப்பீட்டுத் தாள்ல நான் கையெழுத்துப் போடறேன். ஆனா தப்புப் படிவத்தை நீங்க நிரப்பிக் குடுத்தாத்தான் என் கையெழுத்து செல்லும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும்.”

மில்லிகிராம் அன்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. மூன்று மாதிரிகளையும் அவர் எடை போட்ட வேகத்தை அந்தத் தராசு அதுவரை பார்த்திருக்காது. அமிலம், நைட்ரஜன், மூடி. இரண்டு மணிக்கு மைக்ரோவேவ் சுழலத் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டியின் சத்தத்தைவிடச் சன்னமான சத்தம். சிவப்பு எண்கள் இருபதிலிருந்து கீழே இறங்கின. ஆசிட்டக்கா அதன் முன்னால் நின்று படிவத்தை நிரப்பினாள். என்ன நடந்தது. எப்போதிலிருந்து. எத்தனை அறிக்கைகள். கடைசிக் கட்டம், காரணம்.

“கவனக்குறைவுன்னு எழுதுங்கக்கா” என்று மில்லிகிராம் மெதுவாகச் சொன்னார். “எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க. யாரும் அதுக்கு மேல கேக்க மாட்டாங்க.”

அவள் பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். மெஷின் மணியடித்தது. பேனாவை மூடினாள்.

மூன்றரைக்கு மூன்று தாளும் வந்தன. மூன்றும் தேறியிருந்தன. தலைவர் நின்றபடியே ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அதோடு தானே போனில் பேசினார். பழைய மூன்று அறிக்கைகளும் எங்கள் தவறு என்றார். அந்தச் சொல் சுலபத்தில் வரவில்லை. ஆனால் வந்தது.

*

பொடியம்மா இரண்டு மணியிலிருந்தே வாசல் அறையில் உட்கார்ந்திருந்தாள். நாலேகாலுக்கு அவள் போன் அடித்தது. கேட்டாள். “சரிங்க, சரிங்க, ரொம்ப நன்றிங்க” என்றாள். வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது எதிரில் ஆசிட்டக்கா நின்றுகொண்டிருந்தாள்.

“தேறிடுச்சாம்” என்றாள் பொடியம்மா. “மூணும் தேறிடுச்சாமே? எப்படி?”

“மூணும் முன்னாடியே நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் தப்பாப் பாத்தேன். வேக வேண்டிய நேரத்துக்கு முன்னாடியே எடுத்துட்டேன். உங்க பொடியில ஒரு குறையும் இல்ல.”

பொடியம்மா சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். கணக்கு அவள் முகத்தில் ஓடுவது தெரிந்தது.

“அப்ப என் தம்பி?”

“அவர் எதையும் கலக்கல.”

“ரெண்டு மாசமா அவன் என் வீட்டு வாசப்படி மிதிக்கல. ஊரெல்லாம் கேக்க, திருடான்னு கத்தினேன். அவன் பொண்டாட்டி பிள்ளைங்க முன்னாடி.” குரல் ஏறியது. “இப்ப வந்து சாவகாசமா, நான்தான் தப்பாப் பாத்தேன்னு நிக்குறீங்க. முகத்துல ஒரு வருத்தம்கூட இல்லையே! நீங்க மனுஷியா, மரமா?”

ஆசிட்டக்கா நின்றுகொண்டிருந்தாள். 

பொடியம்மா விடுவிடுவென்று எண்ணை அழுத்தினாள். மணி போனது, நின்றது. மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவை எடுத்தான் போலிருக்கிறது. “வெக்காதே. நான் பேசல. இன்னொருத்தர் பேசுவாங்க” என்று சொல்லிப் போனை நீட்டினாள். “நீங்களே சொல்லுங்க அவன்கிட்ட. நான் சொன்னா நம்ப மாட்டான்.”

ஆசிட்டக்கா போனைக் காதில் வைத்தாள். எதிர்ப்பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

“நான் ஆய்வுக்கூடத்துல இருந்து பேசுறேங்க. உங்க அக்காவோட பொடி மூணு தடவை தேறலைன்னு அனுப்பினது நான்தான். அது தப்பு. பொடி நல்லா இருந்துச்சு. இருபத்துநாலு மணி நேரம் அடுப்புல இருக்க வேண்டியதை இருபது மணி நேரத்துல எடுத்துட்டேன். நீங்க எந்தத் தப்பும் பண்ணல.”

 பிறகு அந்தக் குரல் கேட்டது, கோபம்கூட இல்லாமல், தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்பதுபோல.

“ஏன் எடுத்தீங்க?”

தலைவரும் கேட்ட கேள்வி. படிவமும் கேட்ட கேள்வி. முகம் தெரியாத இந்த ஆளுக்கு, ரெண்டு மாசம் திருடன் பட்டம் சுமந்த ஆளுக்கு, கவனக்குறைவு என்று சொல்ல முடியவில்லை.

“எங்க வீட்டுக்காரர் போயிட்டார்” என்றாள். “காலையில ஏழு இருபதுக்கு. அந்த நேரத்துல என்னால வீட்டுல இருக்க முடியல. அதனால சீக்கிரமா இங்க வந்துடுவேன். வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. அதனால எடுத்தேன்.”

பொடியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிங்க” என்றது குரல். “அக்காகிட்ட குடுங்க.”

கொடுத்தாள். பொடியம்மா போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, “டேய்” என்றாள்.  “டேய்” என்று இன்னொரு தடவை சொன்னாள். ஆசிட்டக்கா உள்ளே போய்விட்டாள்.

படிவத்தின் கடைசிக் கட்டத்தில் எழுதினாள். ‘என் கணவர் இறந்த பிறகு நான் ஏழு மணிக்கு வேலைக்கு வருகிறேன். வந்தவுடன் குழாய்களை எடுத்துவிட்டேன். நேரம் பார்க்கவில்லை.’ தலைவர் அதை இரண்டு தடவை படித்தார்.  மூன்று மாதத்துக்கு அவள் எந்த அறிக்கையிலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று கீழே எழுதினார். மீதி எழுபத்தைந்து மாதிரிகளையும் அவளே மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதினார். எதில் என்று கேட்டாள். “மெஷின்லதான். அடுப்புல வெச்சா நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஓடும்” என்றார். பிறகு கம்பெனிக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்றார்.

*

வெள்ளிக்கிழமை ஏழு இருபதுக்கு ஆசிட்டக்கா வீட்டில் இருந்தாள். குளியலறையில் நாத்தனார் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரையோடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆசிட்டக்கா அந்தக் கதவுக்கு வெளியே, சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நிற்கும் வரை நின்றாள். நின்றது. நாத்தனார் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அவளைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

“இன்னிக்குப் போகலையா அண்ணி?”

“பத்து மணிக்குப் போனா போதும்.”

நாத்தனார் எதையும் கேட்கவில்லை. அதுவே அதிசயம். “அப்ப நான் கொண்டு விடுறேன். ஸ்கூல் வண்டிதான். மானம் போகும், பரவாயில்லையா?” என்றாள்.

வண்டியின் தலை மேல் சிவப்பு எழுத்துப் பலகை இருந்தது. கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடது சீட்டில் ஆசிட்டக்கா உட்கார்ந்தாள். நாத்தனார் சாவியைத் திருகினாள், கியரைப் போட்டாள், மிதித்தாள். வண்டி உறுமியது. நகரவில்லை. இன்னும் மிதித்தாள். ஒருமுறை குலுங்கி அணைந்தது.

“என்ன எழவு இது, இப்பதானே சர்வீஸ் விட்டாங்க” என்று குனிந்து பார்த்தவள் நிமிர்ந்தாள். “அண்ணி. காலை எடுங்க.”

“என்ன?”

“உங்க பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. ஏறினதுல இருந்து அதை மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க.”

ஆசிட்டக்கா கீழே பார்த்தாள். செருப்புக்குக் கீழே ஒரு இரும்புப் பட்டை இருந்தது. கால் அதன் மேல் இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. முழங்கால் விறைத்திருந்தது. மெல்ல எடுத்து ஓரமாக வைத்தாள்.

“மணி என்ன?” என்று கேட்டாள்.

“ஒன்பதே முக்கால். அவசரமா?”

“இல்ல” என்றாள். “மெதுவாவே போ.”